மின்சாரத்துக்கு உரிமம் வேண்டும், மலக்குழிக்கு வேண்டாமா?

வெளியூர்க்காரர்களுக்கு வல்லக்கோட்டை என்றால் முருகன் கோயில். கிருத்திகை நாட்களில் ஒரகடம் வரைக்கும் வண்டிகள் நிற்கும். உள்ளூர்க்காரர்களுக்கு இன்று அது ஷிப்ட் பேருந்துகளின் ஊர். ஒரு பக்கம் ஒரகடம் சிப்காட், இன்னொரு பக்கம் வல்லம் வடகால் சிப்காட். கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் உதிரிபாகம் எல்லாம் இந்த வட்டாரத்திலிருந்து உலகச் சந்தைக்குப் போகின்றன. அவற்றைச் செய்யும் இளைஞர்களும் இளம்பெண்களும் சுற்றியுள்ள கிராமங்களில் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியிருக்கிறார்கள்.

இந்தச் சாலையில் நடந்து போனால் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் இரண்டு விதமான விளம்பரங்களைப் பார்க்கலாம். ஒன்று, 'அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்' என்று பெயரும் ஊரும் போட்டிருக்கும். மற்றொன்று, 'செப்டிக் டேங்க் கிளீனிங்' என்ற மூன்று சொல்லும் பத்து இலக்கக் கைபேசி எண்ணும் மட்டும். அதில் பெயர் இல்லை, முகவரி இல்லை, உரிம எண் இல்லை. கூப்பிட்டால் ஒரு லாரி வரும். லாரியோடு இரண்டு மூன்று பேர் வருவார்கள். அவர்கள் யார், யாரிடம் வேலை செய்கிறார்கள், உயிர் போனால் யார் பொறுப்பு என்று எவரும் கேட்பதில்லை.

இந்த இரண்டு விளம்பரங்களுக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த வட்டாரத்தின் கணக்கைப் பார்ப்போம். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் ஆறு பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் கட்டவாக்கத்தில் ஒரு தனியார் உணவு நிறுவனத்தின் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் கச்சிப்பட்டில் ஒரு தங்கும் விடுதியின் தொட்டியில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். நான்கு ஆண்டுக்குள் மூன்று தொட்டிகளில் பன்னிரண்டு உயிர்கள்.

இந்த மூன்று இடங்களையும் கவனியுங்கள். குடியிருப்பு, உணவு நிறுவனம், தங்கும் விடுதி. வேலை தேடி வருகிறவர்கள் தங்க, உண்ண, நிறுவனத்துக்கு வந்துபோகிறவர்கள் இளைப்பாற என்று தொழில் வளர்ச்சி தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. பெரிய ஆலைகளுக்குள் சுத்திகரிப்பு நிலையம் உண்டு, அதைக் கேட்கச் சட்டமும் உண்டு. ஆலையின் மதில் சுவருக்கு வெளியே பெரும்பாலும் கிராம ஊராட்சி. பாதாளச் சாக்கடை கிடையாது. நான்கு பேர் குடும்பத்துக்கு வெட்டிய தொட்டியின் மேல் மூன்று மாடி ஏற்றி நாற்பது பேரைத் தங்கவைத்தால் தொட்டி எத்தனை நாளில் நிரம்பும்? நிரம்பியதும் சுவரிலிருக்கும் எண்ணைக் கூப்பிடுவார்கள்.

இப்போது மின் ஒப்பந்ததாரரிடம் வருவோம். தமிழ்நாட்டில் மின் இணைப்பு வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்ய, அதற்கென்று இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் உரிமம் பெற வேண்டும். கம்பி இழுப்பவருக்குத் தகுதிச் சான்றிதழ், மேற்பார்வையாளருக்குத் தனிச் சான்றிதழ். தேர்ச்சி, அனுபவம், சோதனைக் கருவி எல்லாம் கேட்கப்படும். யாரும் இதை அநியாயம் என்று சொல்வதில்லை. மின்சாரம் ஆளைக் கொல்லும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மலக்குழியும் ஆளைக் கொல்லும். அதன் வேதியியலும் பள்ளிப் பாடத்துக்கு அப்பாற்பட்டதல்ல. மூடிய தொட்டியில் கழிவு அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்கின்றன, ஆக்சிஜன் குறைகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப் போகும், நாற்றமே தெரியாது. நாற்றம் அடங்கிவிட்டது என்று நம்பி இறங்குகிறவர் சில மூச்சுகளில் விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவர் அடுத்து விழுகிறார். மலக்குழிச் செய்திகளில் இறந்தவர்களின் எண்ணிக்கை பல சமயம் இரண்டு, மூன்று என்று கூட்டமாக வருவதற்கு இதுதான் காரணம். முகத்தில் கட்டிய துணியோ மருந்துக்கடை முகக்கவசமோ இந்த வாயுவைத் தடுக்காது.

இரண்டும் உயிர் பறிக்கும் வேலைகள் என்றால் ஒன்றுக்கு மட்டும் ஏன் படிப்பும் தேர்வும் உரிமமும்? என் பதில் இது. தவறான மின்கம்பி வீட்டுக்காரரையும் கொல்லும், வீட்டையும் எரிக்கும். தவறான மலக்குழி வேலை, பெரும்பாலும், இறங்குகிறவரை மட்டுமே கொல்லும். வீட்டுக்காரரின் உயிருக்கு ஆபத்து என்றால் அது 'தொழில்நுட்பம்' ஆகிறது. சேரிக்காரரின் உயிருக்கு ஆபத்து என்றால் அது 'வேலை' ஆகிறது. தொழில்நுட்பத்துக்குத் தகுதி கேட்கப்படும். சாதியால் ஒதுக்கப்பட்ட வேலைக்குப் பிறப்பே தகுதியாகக் கொள்ளப்படுகிறது.

நெமிலி இதற்கு விதிவிலக்கு போலத் தோன்றலாம். அங்கே இறந்தவர்களில் வீட்டு உரிமையாளரும் அவருடைய மகன்கள் இருவரும் இருந்தார்கள். வாயு சாதி பார்க்காது. ஆனால் இதே நிகழ்வுதான் இந்த வேலையை நம் சமூகம் எப்படி மதிப்பிட்டிருக்கிறது என்பதையும் காட்டுகிறது. இதில் கற்றுக்கொள்ள ஏதுமில்லை, யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், இறங்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இதைச் செய்தவர்களுக்கு அறிவு உண்டு என்று இந்தச் சமூகம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாததிலிருந்து வந்தது.

புள்ளிவிவரமும் இதையே சொல்கிறது. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின் கீழ் கணக்கெடுக்கப்பட்ட சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேரில் 91.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்தவர்கள் என்று 2024-இல் தெரியவந்தது. பட்டியல் சாதியினர் மட்டும் 68.9 விழுக்காடு. 1993 முதல் சாக்கடைகளிலும் மலக்குழிகளிலும் 941 பேர் இறந்ததாக 2021-இல் நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்கில் 213 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். நாட்டிலேயே அதிகம். சமூகநீதி மண் என்று நாம் பெருமையோடு சொல்லும் மாநிலம் இந்தப் பட்டியலில் முதலிடத்தில் நிற்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்தத் தடை விதிக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள், அம்பேத்கர் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்ததாரர், நிறுவனம், கட்டுமான நிறுவனம் எல்லோரும் அதன் வரையறைக்குள் வருகிறார்கள். ஆபத்தான முறையில் ஆளை இறக்கினால் முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் 'ஆபத்தான துப்புரவு' என்றால் என்ன என்று சட்டம் சொல்வதைப் படியுங்கள். பாதுகாப்புக் கவசமும் கருவியும் தராமல், பாதுகாப்பு நடைமுறைகளை உறுதிசெய்யாமல் ஆளை வைத்துச் செய்தால்தான் அது ஆபத்தான துப்புரவு. ஆள் இறங்குவதே குற்றம் என்று அது சொல்லவில்லை. விதிகள் நாற்பதுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பட்டியலிடுகின்றன. நடைமுறையில் அந்தப் பட்டியல் ஒரு ஜோடி கையுறையாகச் சுருங்கிவிடுகிறது. இந்த வரையறையின் இன்னொரு விளைவையும் 2021-இல் பார்த்தோம். கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். மலக்குழியில் இறந்தவர்கள் 'ஆபத்தான துப்புரவு' என்ற இன்னொரு கட்டத்தில் இருந்ததால் அப்படிச் சொல்ல முடிந்தது.

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமாவது பிடிக்குமா? 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருந்த ஒப்பந்ததாரர்தான் உரிமம் பெற வேண்டியிருந்தது. 2020-இல் இயற்றப்பட்ட பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை 50 ஆக உயர்த்தியது. செப்டிக் டேங்க் லாரியில் வருவது மூன்று பேர். ஆட்களின் எண்ணிக்கையை வைத்து உரிமம் கேட்கும் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் அவர்கள் பட மாட்டார்கள். ஐம்பது பேர் உட்கார்ந்து பெட்டி ஒட்டும் வேலைக்கு உரிமம் வேண்டும். மூன்று பேர் உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்கு வேண்டாம்.

தமிழ்நாடு அரசு இந்த இடைவெளியைக் காணவே இல்லை என்று சொல்ல முடியாது. 2014-இலேயே உள்ளாட்சிகளுக்கான கழிவுநீர்க் கசடு மேலாண்மை வழிகாட்டுதல்கள் வந்தன. 2022-இல் சட்டங்கள் திருத்தப்பட்டு, கழிவுநீர் அகற்றும் லாரிகளுக்கு உரிமம் கட்டாயமானது. வண்டியில் ஜிபிஎஸ் இருக்க வேண்டும், கழிவைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, மீறினால் முதல் முறை 25,000 ரூபாய், இரண்டாம் முறை 50,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. ஏரிகளையும் ஓடைகளையும் காக்க இது தேவையான நடவடிக்கைதான்.

ஆனால் இந்த உரிமத்தின் மையத்தில் இருப்பது லாரி. லாரி எங்கே போனது, எங்கே கொட்டியது என்பதை ஜிபிஎஸ் சொல்லும். மூடி திறந்திருந்த அந்த அரை மணி நேரத்தில் குழிக்குள் யார் இறங்கினார் என்பதைச் சொல்லாது. லாரியை அழைத்தது யார், என்ன பேரம் பேசப்பட்டது, 'அடி வரைக்கும் சுத்தமா எடு' என்று யார் சொன்னது என்பதும் எந்தப் பதிவிலும் ஏறாது.

இந்த வட்டாரத்தில் லாரி ஓட்டும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "நான் யாரையும் எறங்கச் சொல்றதில்ல தம்பி. தண்ணிய மோட்டார் இழுத்துடும். அடியில மண்டி கெட்டியா நிக்கும், அத ஹோஸ் இழுக்காது. அதையும் எடுத்தாதான் காசுன்னு சூப்பர்வைசர் நிப்பாரு. நான் முடியாதுன்னா அடுத்த நம்பருக்கு போன் போடுவாரு. அங்க ஒருத்தன் எறங்குவான்."

இந்த நான்கு வரியில் மொத்தப் பொருளாதாரமும் இருக்கிறது. கெட்டியான மண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து இழுக்க இயந்திரம் உண்டு. அதற்குச் செலவு கூடும், நேரம் கூடும். ஆள் இறங்கினால் மலிவு. அந்த மலிவு விலையில் லாபம் பார்ப்பது தொட்டிக்குச் சொந்தக்காரர். ஆள் இறந்தால் முதலில் காவல் நிலையத்தில் நிற்பது லாரிக்காரர். தொட்டிக்காரர், அவருக்கு இடத்தை வாடகைக்கு எடுத்துத் தந்த ஏஜென்சி, அந்த ஏஜென்சியிடம் ஆள் எடுக்கும் நிறுவனம் என்று மேலே போகப் போகப் பொறுப்பு மெலிந்து மறைந்துவிடுகிறது.

'உரிமம், உரிமம் என்று கேட்டால் பாதிக்கப்படப்போவது சின்ன லாரிக்காரர்தானே? அவர்களிலும் தலித்துகள் இருக்கிறார்களே?' என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உரிமக் கட்டணத்தையும் நிபந்தனைகளையும் ஏற்றிக்கொண்டே போனால், மூலதனம் உள்ளவர்கள் பத்து லாரி வாங்கி ஒப்பந்தத்தை அள்ளிக்கொள்வார்கள். இதுவரை சொந்த வண்டி வைத்திருந்தவர் அங்கே கூலிக்குப் போவார். இயந்திரம் ஒரு சாதியின் கையிலும் குழி இன்னொரு சாதியின் தலையிலும் என்ற பழைய ஏற்பாடு உரிமத்தின் முத்திரையோடு திரும்பி வரும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 'பயிற்சி பெற்ற மலக்குழித் தொழிலாளி' என்று இறங்குகிறவருக்கே சான்றிதழும் அடையாள அட்டையும் கொடுத்துவிட்டுச் சீர்திருத்தம் முடிந்துவிட்டதாக அரசு அறிவிக்கலாம். அது சாதித் தொழிலுக்கு லேமினேஷன் போடுவதாகும். நாம் கேட்பது இறங்குவதற்கான உரிமம் அல்ல. யாரும் இறங்கத் தேவையில்லாதபடி வேலையைச் செய்ய வல்லவர்களுக்கு மட்டும் அந்த வேலையைத் தரும் உரிமம்.

இது நடக்காத காரியமும் அல்ல. டெல்லியில் 2019-இல் சாக்கடை தூர்வாரும் இயந்திர வண்டிகள் 200, அந்தத் தொழிலில் இருந்த சமூகத்தினரையே உரிமையாளராக்கி இறக்கப்பட்டன. சென்னைக் குடிநீர் வாரியம் 2024 டிசம்பரில் தூய்மைப் பணியாளர்களைத் தொழில்முனைவோராக்கி நவீனக் கழிவுநீரகற்றும் வாகனங்களை வழங்கியது. குறைகள் இருக்கலாம், விவாதிக்கலாம். ஆனால் கருவியும் ஒப்பந்தமும் அந்த மக்களின் கைக்குப் போக முடியும் என்று இவை காட்டிவிட்டன. சென்னைக்கு முடிந்தது, சென்னையின் தொழில் வருமானத்தில் பெரும்பங்கைத் தரும் இந்த வட்டாரத்துக்கு ஏன் முடியாது?

பெரிய நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் கெட்ட உணவால் நோயுற்று, பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அந்த விடுதியை நடத்தியது ஆலை அல்ல. ஆனாலும் ஆலை நிறுத்தப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு உட்படவில்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு ஃபாக்ஸ்கானைக் கண்காணிப்பில் வைத்தது. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து நிரூபித்தது இதுதான்: பொறுப்புச் சங்கிலி ஒப்பந்ததாரரோடு அறுந்துவிடுவதில்லை, இழுத்தால் அது கலிஃபோர்னியா வரைக்கும் போகும். தொழிலாளியின் தட்டு வரை வந்த அந்தத் தணிக்கை, அவர் பயன்படுத்தும் கழிப்பறையின் தொட்டி வரைக்கும் வர வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

முதலாவது, உரிமம் லாரியோடு நிற்கக் கூடாது, தொட்டிக்கும் வர வேண்டும். பெண்கள் விடுதி நடத்த 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும் என்று ஏற்கெனவே இருக்கிறது. உணவகத்துக்கும் உரிமம் உண்டு. அந்த உரிமங்களைப் புதுப்பிக்கும்போது தொட்டியின் கொள்ளளவு, கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது, எந்த உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் எடுத்தார் என்ற பதிவைக் கேளுங்கள். பதிவு இல்லையென்றால் புதுப்பிக்காதீர்கள். புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு படிவத்தில் மூன்று வரிகள் போதும்.

இரண்டாவது, ஆட்களின் எண்ணிக்கை என்ற வரம்பு இந்த வேலைக்கு மட்டும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் ஒப்பந்ததாரருக்கு உரிமம், தொழிலாளிக்குக் காப்பீடு, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் கட்டாயம். வாயு அளக்கும் கருவியும் மண்டியைக் கரைக்கும் இயந்திரமும் இல்லாத வண்டிக்கு உரிமம் இல்லை.

மூன்றாவது, மரணம் நிகழ்ந்தால் ஒப்பந்ததாரரின் உரிமத்தோடு அழைத்தவரின் உரிமமும் ரத்தாக வேண்டும். பல்ராம் சிங் வழக்கில் 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியதை எல்லோரும் அறிவோம். விபத்து நடந்தால் ஒப்பந்தம் பறிபோகும்படி, கறுப்புப் பட்டியலில் சேர்க்கும்படி மாதிரி ஒப்பந்தம் வகுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 30 லட்சம் இறந்த பிறகு வருவது. ஒப்பந்தம் இறப்பதற்கு முன்பே தடுக்கக்கூடியது.

நான்காவது, சிப்காட் வட்டாரத்துக்கான ஒப்பந்தங்களில் இந்தத் தொழிலில் தலைமுறைகளாகத் தள்ளப்பட்ட குடும்பங்களின் கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும். வண்டிக்கான கடனை அரசு தரட்டும், வேலைக்கான உறுதியை ஆலைகள் தரட்டும். வேண்டாம் என்று இந்தத் தொழிலைவிட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு அதே ஆலைகளின் உற்பத்திப் பிரிவில் வேலை தரட்டும். வெளியேறும் உரிமையும் சேர்ந்தால்தான் இது சாதி ஒழிப்புக் கோரிக்கை, இல்லையென்றால் வெறும் நிர்வாகச் சீர்திருத்தம்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் விடுதியிலோ வாடகை அறையிலோதான் இருப்பீர்கள். உங்கள் தொட்டியைக் கடைசியாக யார் எடுத்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் ஒருமுறை கேளுங்கள். உரிம எண் என்ன, ஆள் இறங்கினாரா என்று கேளுங்கள். மின் இணைப்பில் கோளாறு வந்தால் 'லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்க' என்று நாம் தயங்காமல் சொல்கிறோம் அல்லவா? அதே வாக்கியத்தை இதற்கும் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்காரர் முதலில் சிரிப்பார். அந்தச் சிரிப்பு நிற்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.